மூடிய கடையின் முத்திரை

அந்த வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் வெளியேறும் வழியில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத கூண்டு ஒன்று இருந்தது. அதில் காலை ஷிப்டில் உட்கார்ந்து பார்க்கிங் காசு வாங்கியவரை எல்லோரும் டேப்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கூண்டுக்குள் அளக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், திரைச்சீலைக் கடையில், இருபத்திரண்டு வருஷம் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற மனிதர் அவர். கடை போய்விட்டது, டேப் போய்விட்டது, பேர் மட்டும் படியிறங்கிக் கூடவே வந்துவிட்டது.

திரைச்சீலை வியாபாரம் பொறுமைசாலிகளின் வியாபாரம். வந்தோம், எடுத்தோம், போனோம் என்று நடக்காது. முதல் தடவை வீட்டுக்காரம்மா வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பாள். ஜன்னல் அளவு தெரியாது. போய் அளந்துகொண்டு வருவாள். அளந்தது அங்குலமா சென்டிமீட்டரா என்பது மறந்துபோயிருக்கும். மூன்றாம் தடவை புருஷனைக் கூட்டி வருவாள். வீட்டில் இத்தனை ஜன்னல் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியவரும். நாலாவது தடவைதான் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கலாம்.

இப்படிப்பட்ட கடை இருக்கிற இடத்தில் வண்டி நிறுத்தக் காசு என்று நிர்வாகம் அறிவித்தபோது முதலில் கொதித்தவர் டேப்புக்காரர்தான். கடையின் முதலாளிகூட அவ்வளவு கொதிக்கவில்லை. இவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி அறுபத்தெட்டுக் கையெழுத்து வாங்கினார். நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் காசு கேட்டால் எவன் வருவான் என்று கேட்டார். அதிகாரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பக்கத்து அலுவலகக்காரர்கள் காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம்தான் எடுக்கிறார்கள். நிஜமாக வாங்க வருகிறவன் இடமில்லாமல் மூன்று சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிறான் என்றார். அதெல்லாம் சாக்கு என்றார் டேப்புக்காரர்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. ஒவ்வொரு கடைக்கும் அதன் எண் போட்ட ரப்பர் முத்திரை ஒன்று. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் கடைக்காரர் பார்க்கிங் டிக்கெட்டில் அதைக் குத்திக் கொடுக்கலாம். அந்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இலவசம். திரைச்சீலைக் கடையின் முத்திரை டேப்புக்காரர் கைக்கு வந்தது. வாங்கினவர்களுக்கும் குத்தினார், வாங்காதவர்களுக்கும் குத்தினார். தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கூப்பிட்டு, "டிக்கெட்டைக் குடுங்கம்மா, அடுத்த தடவை வாங்கிக்கலாம்" என்று குத்தினார். முதலாளியின் மைத்துனர், அதாவது முதலாளியம்மாவின் தம்பி, கல்லாவையும் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வப்போது கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பார்த்துக் குத்துங்க என்பார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று டேப்புக்காரர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். காகிதத்தில் மை படுவதற்கு என்ன செலவு?

மூன்று வருஷத்தில் கடை மூடப்பட்டது. பார்க்கிங் காசு ஒரு காரணம். தைத்தே வருகிற மலிவுத் திரைச்சீலைகள் இன்னொரு காரணம். போனில் பார்த்து வாங்கும் பழக்கம் மூன்றாவது. டேப்புக்காரர் யார் கேட்டாலும் முதல் காரணத்தை மட்டும் சொன்னார். அதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு எதிராகத்தானே கையெழுத்து வாங்கியிருந்தார்.

கடைசி நாளன்று மைத்துனர் ஒரு நீளக் காகிதத்தில் சாமான் பட்டியல் எழுதினார். கம்பிகள் இத்தனை, வளையங்கள் இத்தனை, மேஜை இரண்டு, ஏணி ஒன்று. ஏணியின் மேல் நின்று தட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்த டேப்புக்காரரிடம், முத்திரை இருக்கா என்று கேட்டார். இருக்கு என்று மேலேயிருந்து பதில் வந்தது. மைத்துனர் அதற்கு நேராக ஒரு டிக் போட்டு, பட்டியலின் அடியில் 'எல்லாம் என் பொறுப்பில்' என்று கையெழுத்திட்டார். முத்திரை இருந்தது, டேப்புக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் கவனித்தார். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள் மனைவி. மூடின கடையின் முத்திரையை யாரிடம் கொடுப்பது என்று அலமாரியில் போட்டுவைத்தார்.

நான்கு மாதம் வேலை இல்லை. மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த மெஷினில் இப்போது அக்கம்பக்கத்துக்காரர்களின் கால்சட்டைக்கு ஜிப் மாற்றினாள். அந்த மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் டேப்புக்காரர் ஒரு நாள் வளாகத்தின் கீழ்த்தளத்துக்குப் போய் ஆள் தேவையா என்று விசாரித்தார். பார்க்கிங் மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே அந்த மனுக்காரரு?"

டேப்புக்காரர் தலையாட்டினார்.

"அறுபத்தெட்டு கையெழுத்து வாங்கின ஆளு, சில்லறை வாங்க மாட்டீங்களா என்ன. நாளைக்கே வாங்க."

கேலியாகச் சொன்னாலும் வேலையைக் கொடுத்துவிட்டார். கூண்டுக்குள் போன பிறகு டேப்புக்காரருக்குச் சில விஷயங்கள் கண்ணுக்குப் பட்டன. நாள் முழுக்க நிற்கிற வண்டிகள் குறைந்து, குழந்தையோடு வருகிறவர்கள் முதல் சுற்றிலேயே வண்டியை நிறுத்துவதைப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, முந்தின நாள் காலையிலிருந்து வண்டியை விட்டுவைத்திருந்த அலுவலகக்காரர்கள் கட்டணத்துக்காகச் சண்டை போடுவதையும் பார்த்தார். அதிகாரி சொன்னது முழுக்கச் சாக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஏதோ நியாயம் இருந்தது. அவர் ஒரு பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு இன்னொரு பக்கத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். தெரிந்த முகங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. சீருடைத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டினார். அப்படியும் இரண்டாவது வாரத்தில் ஒரு டீச்சர் கண்டுபிடித்துவிட்டாள். பேரமே பேசாமல் மூன்று வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கினவள். கண்ணாடியை இறக்கி, அவர் முகத்தையும் நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பார்க்கிங் காசே கூடாதுன்னு எங்ககிட்ட அவ்ளோ நியாயம் பேசினீங்களே," என்றாள். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் டேப்புக்காரர் சாப்பாட்டுப் பையில் முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். தேதி போடுவதற்கான மைப்பெட்டி கூண்டிலேயே இருந்தது. தெரிந்த முகம் வந்தால் டிக்கெட்டை வாங்கி, மேஜைக்குக் கீழே வைத்து ஒரு குத்து. "உங்களுக்கு ஃப்ரீதான், போங்க" என்பார். அவர்கள் சிரிப்பார்கள், பழைய டேப்புக்காரராகப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு தெரியாத முகங்களுக்கும் கை நீண்டது. மேல் மாடி மருத்துவமனையிலிருந்து கட்டுப் போட்ட காலோடு வருகிறவர், அழுகிற குழந்தையை மடியில் வைத்தபடி பர்ஸைத் தேடுகிறவள், முறைக்கிறவர். இரக்கம் என்றுதான் அவர் அதற்குப் பேர் வைத்திருந்தார். தன் பைக்கு ஒரு காசு எடுக்கவில்லை என்பதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் முத்திரை குத்திய டிக்கெட்டுகளைக் கடைவாரியாகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பிரிப்பு என்று அவர் நினைத்திருந்தார். திரைச்சீலைக் கடையின் கட்டை ஓரம் மடங்காமல் தட்டி அடுக்கிக் கட்டினார். மூடின கடைக்கே இத்தனை பேர் வருகிறார்கள் என்று மேலே இருக்கிறவர்கள் பார்த்துக் கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு.

ஒரு நாள் சாப்பிடும்போது இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் வாயில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுக் கேட்டாள். "ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையேங்கற மாதிரி இருக்கே. அது யார் வீட்டு நெய்யிங்க?"

யார் வீட்டுடையதும் இல்லை, கடையே இல்லையே என்றார் அவர். அவள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

கூண்டுக்கு வந்த ஐந்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, பதினொரு மணிவாக்கில் முதலாளியின் வண்டி கூண்டுக்கு முன்னால் வந்து நின்றது. கடை மூடிய பிறகு அன்றுதான் அவரைப் பார்க்கிறார். சட்டைக் காலர் தளர்ந்து, கழுத்து மெலிந்து போயிருந்தார். டேப்புக்காரர் எழுந்து நிற்கப் போய்க் கூண்டின் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். கை தன்னால் மேஜைக்குக் கீழே போனது.

முதலாளிக்கு அவரைக் கூண்டில் பார்த்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லதுப்பா, சும்மா இருக்காம இருக்கியே என்றார். கடை அட்வான்ஸைத் திருப்பி வாங்க ஆபீசுக்கு வந்ததாகச் சொன்னார். பிறகு, பின்னால் வேறு வண்டி இல்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அதுல கால்வாசிக்கு மேல பிடிச்சுட்டாங்கப்பா. நம்ம முத்திரை வெளியில சுத்துதுன்னு போன மாசமே கடிதாசி போட்டிருந்தாங்க. கடை மூடின பிறகு நூத்துப் பதினேழு டிக்கெட். ஒவ்வொண்ணுக்கும் முழு நாள் காசு, அதுக்கு மேல அபராதம்."

டேப்புக்காரருக்கு ஒரு கணம் வார்த்தைகள் புரிந்தன, அர்த்தம் புரியவில்லை. முத்திரைக்குக் கடையிடம் காசு வாங்குவார்களா என்று கேட்டார்.

"பின்ன? சும்மாவா விடுவான்? அப்பவே மாசாமாசம் பாதிக் காசை நம்மகிட்டதானே வாங்கினான்." முதலாளி டிக்கெட்டை நீட்டினார். "முத்திரையை மச்சான்கிட்ட ஒப்படைச்சதா பட்டியல்ல அவன் கையாலேயே எழுதியிருக்கான். கேட்டா எங்கிட்ட இல்லைங்கறான். எவனுக்கோ வித்திருக்கான், வேற என்ன. வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டேன். மூணு வாரமா உங்க அக்கா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசலை."

முதலாளியம்மாவைக் கடையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டேப்புக்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பின்னால் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. முதலாளி எவ்வளவு என்று கேட்டார். முத்திரை விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தொட முடியாது. தொடாமல் இருந்தால் காசு கேட்டாக வேண்டும்.

"நாப்பது," என்றார் டேப்புக்காரர்.

முதலாளி பர்ஸைத் திறந்து கொடுத்தார். டேப்புக்காரர் வாங்கிக்கொண்டார். தடுப்புக் கம்பி உயர்ந்தது, வண்டி போனது, கம்பி இறங்கியது. அன்று மீதி ஷிப்ட் முழுக்கத் தெரிந்த முகமோ தெரியாத முகமோ எல்லோரிடமும் காசு வாங்கினார். கட்டுப் போட்ட காலிடமும் வாங்கினார்.

வீட்டில் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னார். சொல்வதற்குள்ளேயே வழிகளையும் யோசித்து வைத்திருந்தார். முத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடலாம், அதோடு முடிந்தது. பேர் போடாமல் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதலாம். மாசம் கொஞ்சமாகச் சேர்த்து யாருக்கும் தெரியாமல் முதலாளி வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிடலாம். மனைவி கேட்டுக்கொண்டே ஒரு சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பணம் போட்டா பணம் தீரும்," என்றாள். "அந்தத் தம்பி மேல திருடன்னு விழுந்திருக்கே, அதை எந்தப் பெட்டியில போடுவீங்க?"

தெரிந்தால் வேலை போய்விடும் என்றார் அவர். போகும் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். சட்டையின் அடுத்த கையைப் பிரிக்க எடுத்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வார விடுமுறை நாள் காலையில் டேப்புக்காரர் முதலாளி வீட்டுக்குப் போனார். முத்திரையை ஒரு காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். முதலாளி முன்னறையில் உட்கார்ந்து ஒரு கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். வாப்பா என்று நாற்காலியைக் காட்டினார். டேப்புக்காரர் உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். யாரிடமிருந்தாவது பிடுங்கிக்கொண்டு வந்திருப்பான் என்று நம்பிக் கேட்ட கேள்வி அது. அந்த நம்பிக்கைதான் டேப்புக்காரரை உலுக்கியது.

"என்கிட்டயேதான் இருந்துச்சு முதலாளி," என்றார். "தெரிஞ்சவங்க வந்தா, கொஞ்சம் டிக்கெட்டுக்கு... உங்ககிட்ட பிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

முதலாளி சத்தம் போடவில்லை. கழற்றிய பேட்டரியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, மாசாமாசம் மச்சான் தன்னிடம் வந்து சண்டை போட்டதைச் சொன்னார். வாங்காதவனுக்கெல்லாம் குத்துகிறான், முத்திரையை அவன் கையிலிருந்து வாங்குங்கள் என்று நச்சரித்ததைச் சொன்னார். தான்தான் விடவில்லை. அவன் கை தாராளம், வியாபாரத்துக்கு அது வேணும்டா என்று மச்சானின் வாயை அடைத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது முதலாளி டேப்புக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் தேவலை.

முதலாளியம்மா உள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காய்ந்த துணிகள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டேப்புக்காரர் அவள் பக்கம் திரும்பி, அக்கா என்று ஆரம்பித்தார். நாளைக்கே ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், வேலை போனாலும் பணத்தை அடைத்துவிடுவதாகவும் வேகமாகச் சொன்னார். அவள் துணிகளை நாற்காலியில் வைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்கு என்னைக்கும் தெரியும், அவன் எடுத்திருக்க மாட்டான்னு. அவன்கிட்ட சொல்லுங்க."

போனை எடுத்து எண்ணை அழுத்தி அவரிடமே நீட்டினாள். மறுபக்கம் மணி வெகுநேரம் அடித்தது. எடுக்கமாட்டார் என்று டேப்புக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதல் வரும் நேரத்தில் எடுத்துவிட்டார்.

"சொல்லுக்கா."

"அக்கா இல்லைங்க. நான்தான், டேப்பு."

சொன்னார். ஏணி மேலிருந்து 'இருக்கு' என்றது, சட்டைப் பை, கூண்டு, தெரிந்தவர்கள், கொஞ்சம் டிக்கெட்டு. மன்னிச்சுக்கங்க என்று முடித்தார். மறுபக்கத்தில் எங்கோ தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க."

"மாமா?"

"இருக்காரு."

"ஸ்பீக்கர்ல போடுங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

டேப்புக்காரருக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. முதலாளியம்மா வந்து அழுத்திவிட்டு, போனை மேஜையில் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் நின்றபடியே மறுபடி ஆரம்பித்தார். முதல் தடவை வேகமாகத் தாண்டிய இடங்களை இந்தத் தடவை தாண்ட முடியவில்லை. எத்தனை டிக்கெட் என்று போனுக்குள்ளிருந்து குறுக்கே கேட்டார் மைத்துனர். கணக்கு எழுதின ஆளின் குரல்.

"நூத்துப் பதினேழு."

"என் பேர்ல பழி விழுந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம். திங்கக்கிழமை."

"இன்னைக்குத்தான் வர முடிஞ்சுதா?"

டேப்புக்காரர் மேஜையிலிருந்த முத்திரையைப் பார்த்தார்.

"ஏன் குத்தினீங்க?"

இரக்கம் என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. முதலாளியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சவங்ககிட்ட காசு கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றார்.

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்து, மேஜையின் மேல் குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனார். ஸ்பீக்கரில் அவ்வளவு பக்கத்தில் பேச வேண்டியதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வாடா," என்றார்.

போனுக்குள்ளிருந்து பதில் வந்தது. "வர்றேன் மாமா. அவரு கிளம்பினதும் வர்றேன்."

டேப்புக்காரர் அதைக் கேட்டார். கேட்காதது மாதிரி இருக்க வழியில்லை, அறைக்கே கேட்டது. வர்றேன் முதலாளி, வர்றேன்க்கா என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். இருப்பா, இருங்க என்று யாரும் தடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் போய்விட்டு, மைத்துனர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று யோசித்து, எதிர்ப்பட்டுவிடாமல் இருக்க வேறு வழியில் திரும்பி நடந்தார்.